மாப்பிள்ளையிடம் ஐ-140 பற்றிக் கேளுங்கள்

கேள்வி கேட்டிருப்பவர் கோவைக்காரப் பெண். நான்கு வருடமாகச் சென்னையில் ஒரு பன்னாட்டு ஐடி நிறுவனத்தில் வேலை. தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை அமெரிக்காவில், டல்லாஸில், எச்-1பி என்ற வேலை விசாவில் மூன்றாவது வருடமாக இருக்கிறார். "கல்யாணமானதும் அவரோடு போய்ச் சேர எந்த விசா சரி? எச்-4-இல் போனால் வேலை பார்க்க முடியுமா? படிப்பு விசாவில் போகலாமா? வீட்டில் எல்லாரும் 'முதல்ல போய்ச் சேரு, அப்புறம் பாத்துக்கலாம்' என்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறார்.

போய்ச் சேருவது பெரிய விஷயமே இல்லை. எச்-1பி-யில் இருப்பவரின் மனைவிக்கு எச்-4 கிடைப்பது, மற்ற அமெரிக்க விசாக்களோடு பார்த்தால், சுலபம். "அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார்களே, அந்த "அப்புறம்" எப்போது வரும் என்பதுதான் உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும். அதற்கான பதில் மாப்பிள்ளையின் கையில் இருக்கும் ஒரு காகிதத்தில் இருக்கிறது. அதன் பெயர் ஐ-140, அவருடைய கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு. அவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: "உங்கள் கம்பெனி கிரீன் கார்டு வேலையை ஆரம்பித்துவிட்டதா? ஐ-140 அப்ரூவ் ஆகிவிட்டதா? இல்லையென்றால் எப்போது ஆரம்பிப்பார்கள்?"

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் 2011-இல் இதைக் கேட்காமல் எச்-4-இல் வந்தவள். அன்றைக்குக் கேட்டிருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது; அப்போது எச்-4-இல் இருப்பவர்கள் வேலை பார்க்க வழியே இல்லை. பெங்களூரில் ஆறு பேர் கொண்ட டீமைப் பார்த்துக்கொண்டிருந்தவள், இங்கே வந்து காலை பத்து மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்ததும் அந்த நாளில் செய்ய வேறொன்றும் இல்லாமல் அடுக்களை ஜன்னல் வழியாகக் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வங்கிக் கணக்கில் என் பெயர் இரண்டாவதாக இருந்தது. மளிகைக்குப் போகவும் அவர் வர வேண்டும். 2015 மே 26-ஆம் தேதி விதி மாறியது. அந்த வருடக் கடைசியில் தபால் பெட்டியில் ஒரு வெள்ளை உறை வந்தது. உள்ளே என் முகம் போட்ட, கிரெடிட் கார்டு அளவுள்ள அட்டை. அதைத்தான் எல்லாரும் இஏடி என்கிறோம், வேலை அனுமதி அட்டை. அன்றைக்கு அதை வாங்கிய கை நடுங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அந்த விதி சொல்வது இதுதான். எச்-4-இல் இருக்கும் எல்லாருக்கும் இஏடி கிடையாது. கணவருக்கு ஐ-140 அப்ரூவ் ஆகியிருக்க வேண்டும். அல்லது கிரீன் கார்டு வேலை நடந்துகொண்டிருப்பதைக் காட்டி ஆறு வருட வரம்பைத் தாண்டி அவருடைய எச்-1பி நீட்டிக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இருந்தால் நீங்கள் ஐ-765 படிவம் போட்டு அட்டை வாங்கலாம். அட்டை வந்துவிட்டால் யாரிடமும் வேலை பார்க்கலாம், சொந்தத் தொழிலும் நடத்தலாம். இந்த விதியை எதிர்த்துப் பல வருடம் வழக்கு நடந்தது. 2024 ஆகஸ்டில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதி செல்லும் என்றது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. ஆகவே நீதிமன்றத்தில் இப்போதைக்குக் கவலை இல்லை. ஆனால் இது நாடாளுமன்றம் போட்ட சட்டம் இல்லை, அரசுத் துறை போட்ட விதி. துறை நினைத்தால் மாற்றலாம். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அவருக்கு ஐ-140 இன்னும் இல்லை என்றால்? அதற்கு முன்னால் பெர்ம் என்ற படி இருக்கிறது. இந்த வேலைக்கு அமெரிக்கர் யாரும் கிடைக்கவில்லை என்று கம்பெனி விளம்பரம் கொடுத்து, தொழிலாளர் துறையிடம் சான்று வாங்க வேண்டும். அதற்கே ஒன்றரை வருடம், அதற்கு மேலும் ஆகலாம். அது முடிந்தபின் ஐ-140-ஐ பிரீமியத்தில், அதாவது கூடுதல் கட்டணம் கட்டி, போட்டால் 15 வேலை நாளில் முடிவு தெரிந்துவிடும். அதாவது நேரம் தின்னும் இடம் பெர்ம்தான். கம்பெனி இன்றைக்கே ஆரம்பித்தாலும் நீங்கள் வேலைக்குப் போக இரண்டு வருடத்துக்கும் மேல் பிடிக்கலாம் என்று கணக்குப் போடுங்கள். ஆரம்பிக்கவே இல்லை என்றால் அவர் மேலாளரிடம் பேச வேண்டியது இந்த வாரமே. அவருக்கும் இதில் அவசரம் உண்டு: எச்-1பி-க்கு ஆறு வருட வரம்பு, ஐந்தாவது வருடம் முடிவதற்குள் பெர்மோ ஐ-140-ஓ போட்டிருந்தால் நீட்டிப்பில் சிக்கல் வராது. மூன்றாவது வருடத்தில் இருப்பவர் இனியும் தள்ளிப்போடக் கூடாது.

இன்னொரு கேள்வி, பலர் கேட்க மறப்பது. நீங்கள் எந்த நாட்டில் பிறந்தீர்கள்? கோவை என்றால் இந்தப் பத்தியை விட்டுவிடலாம். ஆனால் அப்பா வேலை பார்த்த குவைத்திலோ மஸ்கட்டிலோ சிங்கப்பூரிலோ பிறந்த பெண்கள் நம்மிடையே நிறைய உண்டு; இலங்கையில் பிறந்தவர்களும் உண்டு. வேலை வழி கிரீன் கார்டு வரிசை குடியுரிமையைப் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டைப் பார்க்கிறது. எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பதால் இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை பத்து வருடத்துக்கும் மேல் நீள்கிறது. மனைவி வேறு நாட்டில் பிறந்திருந்தால், கணவரும் மனைவியின் நாட்டு வரிசையில் சேர்ந்துகொள்ளலாம். பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட்டாக இருந்தாலும் பரவாயில்லை. எனக்குத் தெரிந்த ஒரு தம்பதிக்கு, மனைவி அபுதாபியில் பிறந்தவர் என்ற ஒரே காரணத்தால், கணவரோடு வேலையில் சேர்ந்தவர்களெல்லாம் காத்திருக்கும்போதே கிரீன் கார்டு வந்துவிட்டது. பிறப்புச் சான்றிதழை மட்டும் அங்கிருந்து ஒழுங்காக வாங்கி வைத்திருக்க வேண்டும்.

இப்போது மற்ற வழிகள். உங்கள் நிலைமையில் நான் முதலில் பார்க்கச் சொல்வது எல்-1. உங்கள் நிறுவனத்துக்கு அமெரிக்காவில் கிளை இருக்கிறது, நீங்கள் அந்த நிறுவனத்தில் சென்னையில் ஒரு வருடத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்திருக்கிறீர்கள். நீங்கள் மேலாளர் பொறுப்பிலோ, அந்தக் கம்பெனிக்கே உரிய சிறப்பு அறிவு தேவைப்படும் வேலையிலோ இருந்தால், கம்பெனி உங்களை அமெரிக்கக் கிளைக்கு மாற்றலாம். இதற்கு லாட்டரி கிடையாது. உங்கள் விசா உங்களுடையதாகவே இருக்கும். கணவரின் வேலை போனாலும் உங்கள் விசா போகாது. சிக்கல், அந்தக் கம்பெனியை விட்டு வேறு கம்பெனிக்கு அதே விசாவில் மாற முடியாது. டல்லாஸில் இடம் கிடைக்குமா என்பதும் அவர்கள் கையில். ஆனாலும் ராஜினாமாக் கடிதம் எழுதுவதற்கு முன் ஒருமுறை மேலாளரிடமும் எச்ஆரிடமும் கேட்டுப்பாருங்கள். ராஜினாமா கொடுத்தபின் இந்தக் கதவு மெல்ல மூடிவிடும், ஏனென்றால் மனுப் போடுவதற்கு முந்தைய மூன்று வருடத்துக்குள் அந்த ஒரு வருட வெளிநாட்டு வேலை இருக்க வேண்டும். உடனே நடக்காது என்றால் சம்பளமில்லா நீண்ட விடுப்பு கொடுப்பார்களா என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் கொடுக்கின்றன.

இதே இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாப்பிள்ளை எச்-1பி-யில் இல்லாமல் எல்-1-இல் இருந்திருந்தால் இந்தப் பதில் இரண்டு வரியில் முடிந்திருக்கும். எல்-1-காரரின் மனைவி எல்-2-இல் வருவார். 2021 நவம்பரிலிருந்து அவர்களுக்கு இஏடி அட்டையே தேவையில்லை; இறங்கும்போது ஐ-94 என்ற நுழைவுப் பதிவில் "எல்-2எஸ்" என்று பதிந்தாலே வேலை பார்க்கலாம்.

உங்களுக்கே ஒரு எச்-1பி? வருடத்துக்கு 85,000 இடங்கள், மார்ச்சில் பதிவு, லாட்டரி, கிடைத்தால் அக்டோபர் 1-ஆம் தேதி வேலையில் சேரலாம். ஆனால் 2025 செப்டம்பர் 21-லிருந்து, அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்குப் புது எச்-1பி போடும் கம்பெனி ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. சென்னையில் இருக்கும் உங்களுக்காக அதைக் கட்ட எத்தனை கம்பெனி முன்வரும்? அதே சமயம், அமெரிக்காவுக்குள் வேறு விசாவில் இருந்துகொண்டு உள்ளேயே எச்-1பி-க்கு மாறுபவர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை என்று குடியேற்றத் துறை அடுத்த மாதமே விளக்கம் கொடுத்தது. ஆகவே எச்-4-இல் வந்து, இங்கிருந்தபடி வேலை தேடி, எச்-1பி-க்கு மாறுவது இன்றைக்கு அர்த்தமுள்ள வழி. எச்-4-இல் கழித்த வருடங்கள் உங்கள் எச்-1பி-யின் ஆறு வருடக் கணக்கில் சேராது. ஆனால் மாற்றத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு நடுவில் ஊருக்குப் பறந்தால் அந்த மாற்றம் கைவிடப்பட்டதாகிவிடும். தங்கை கல்யாணம், பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று கிளம்புவதற்கு முன் வக்கீலிடம் கேட்டே ஆக வேண்டும்.

படிப்பு விசா, அதாவது எஃப்-1, உங்களுக்கு முதல் வழியாக வேண்டாம் என்பது என் கருத்து. எஃப்-1-க்கு "படித்துவிட்டு ஊர் திரும்புவேன்" என்று நம்ப வைக்க வேண்டும். கணவர் டல்லாஸில் குடியிருக்கும்போது அதை அதிகாரி எளிதில் நம்ப மாட்டார். அதற்காகக் கல்யாணத்தை மறைத்து விண்ணப்பம் போடச் சொல்லும் ஏஜென்டுகளும் உண்டு. தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். பொய் என்று பதிவாகிவிட்டால் வாழ்நாள் தடைவரை போகலாம். படிக்க ஆசை இருந்தால் எச்-4-இல் வந்தே முழுநேரமாகப் படிக்கலாம், தனி விசா தேவையில்லை. பல மாநிலங்களில் எச்-4-காரர்களுக்கு உள்ளூர்க் கட்டணமே கிடைக்கும். எச்-4-இல் படித்தால் ஓபிடி, அதாவது படிப்புக்குப் பின் கிடைக்கும் ஒரு வருட வேலை அனுமதி, இல்லை. அதற்கு எஃப்-1 வேண்டும். அதனால் பலர் எச்-4-இல் படிப்பைத் தொடங்கி, இடையில் எஃப்-1-க்கு மாறிக்கொள்கிறார்கள். கம்ப்யூட்டர், பொறியியல் மாதிரிப் படிப்புகளுக்கு அந்த ஒரு வருடத்தோடு இன்னும் 24 மாதம் சேர்ந்துகொள்ளும்.

பி-2 சுற்றுலா விசாவில் போய், அங்கே எச்-4-ஆக மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கணவரோடு குடியிருக்கப் போகிறவர் சுற்றிப்பார்க்க வந்தேன் என்று இறங்கினால் விமான நிலையத்திலேயே வம்பு.

இனி எச்-4-க்கான காகித வேலை. கல்யாணப் பதிவுதான் இதில் முக்கியம். தமிழ்நாட்டில் 2009-ஆம் வருடச் சட்டப்படி எல்லாக் கல்யாணத்தையும் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. கல்யாணத்துக்கு மறுவாரமே போய்விடுங்கள், மாப்பிள்ளைக்கு லீவு அவ்வளவுதான் இருக்கும்.

சில குடும்பங்கள் விசா சீக்கிரம் வேண்டும் என்று, தாலி கட்டுவதற்கு மாதக்கணக்கில் முன்பே வெறும் பதிவை மட்டும் முடித்துவிடுகிறார்கள். இதில் கவனம் தேவை. 2024 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம், சடங்கு எதுவும் நடக்காமல் இந்துத் திருமணச் சட்டத்தில் பதிவு மட்டும் செய்திருந்தால் அது கல்யாணமே ஆகாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. விசாவுக்காக இப்படி முன்கூட்டியே பதியும் வழக்கத்தையும் அதே தீர்ப்பில் கண்டித்தது. நிஜமாகவே அவசரம் என்றால் நம் ஊரில் நேர்மையான வழி இருக்கிறது. தமிழ்நாட்டின் 1967-ஆம் வருடச் சட்டத் திருத்தம் ஏற்றுக்கொண்ட சுயமரியாதைத் திருமணம்: உறவினரோ நண்பரோ முன்னிலையில், புரோகிதர் இல்லாமல், இருவரும் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ அது முழுச் சட்டபூர்வமான கல்யாணம். வீட்டுக் கூடத்திலேயே நடத்தி, போட்டோ எடுத்து, அதைப் பதியலாம். இல்லையென்றால் தனித் திருமணச் சட்டம், அதற்கு 30 நாள் நோட்டீஸ் வேண்டும். மண்டபம், சாப்பாடு எல்லாம் தையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் விசாப் படிவத்தில் கல்யாணத் தேதி என்று போடுவது சான்றிதழில் இருக்கும் தேதியாக இருக்கட்டும். பத்திரிகையில் ஒரு தேதி, சான்றிதழில் ஒரு தேதி என்றால் அதிகாரி கேட்பார். நடந்ததை அப்படியே சொன்னால் போதும்.

பாஸ்போர்ட்டை எடுத்து இப்போதே பாருங்கள். நம் பெண்களுக்கு அப்பா பெயர் இனிஷியலாக இருக்கும், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும். அமெரிக்க விசாவில் அப்படிக் காலியாக விட முடியாது. உங்கள் பெயரைத் தூக்கிக் குடும்பப் பெயரில் போட்டுவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "எஃப்என்யூ" என்று அச்சடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அப்புறம் ஓட்டுநர் உரிமம், வங்கி, காப்பீடு எல்லாவற்றிலும் அது ஒட்டிக்கொள்ளும். என் தோழி ஒருத்தியைக் குழந்தை பிறந்த ஆஸ்பத்திரியில் "எஃப்நூ, எஃப்நூ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியவே இல்லை. குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயரைப் போட்டு, விசாவுக்கு முன்பே பாஸ்போர்ட்டை மறுபடி எடுத்துவிடுங்கள். கணவர் பெயரைச் சேர்க்க வேண்டும் என்ற கட்டாயம் எச்-4-க்குக் கிடையாது. அதோடு காலாவதித் தேதியையும் பாருங்கள். எச்-1பி 2028 வரை இருந்தாலும், பாஸ்போர்ட் 2027-இல் முடிந்தால் ஐ-94-ஐ அந்தத் தேதியோடு வெட்டிவிடுவதுண்டு. நீங்கள் அங்கே எந்தத் தேதிவரை இருக்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94, விசா ஸ்டாம்ப் இல்லை. இறங்கிய அன்றே இணையத்தில் எடுத்துப் பாருங்கள்.

மற்றபடி டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம், 205 டாலர் கட்டணம், கைரேகைக்கு ஒரு நாள், அண்ணா சாலைக் கான்சுலேட்டில் நேர்காணலுக்கு ஒரு நாள். கணவரின் ஐ-797 (எச்-1பி ஒப்புதல் கடிதம்), சம்பளச் சீட்டுகள், வேலைக் கடிதம், கல்யாணச் சான்றிதழ், கொஞ்சம் கல்யாணப் போட்டோ. கேள்விகள் எளிமையாகத்தான் இருக்கும்: எப்படிச் சந்தித்தீர்கள், அவர் எங்கே என்ன வேலை பார்க்கிறார். 2025 டிசம்பர் 15-லிருந்து எச்-1பி, எச்-4 இரண்டுக்கும் சமூக வலைத்தளக் கணக்குகளைச் சோதிக்கிறார்கள். கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்துவைக்கச் சொல்கிறார்கள். இதனால் அந்த மாதம் நேர்காணல் தேதிகள் பல மாதம் தள்ளிப்போய், கல்யாணத்துக்கு ஊர் வந்தவர்கள் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். உங்கள் மாப்பிள்ளைக்குப் பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா ஸ்டாம்ப் முடிந்துவிட்டதா என்று கேளுங்கள். முடிந்திருந்தால் தையில் அவரும் ஸ்டாம்பிங் போக வேண்டும், கல்யாணத் தேதியைவிட அந்த அப்பாயின்ட்மென்ட் தேதிக்கு அதிகக் கவனம் கொடுங்கள். நேர்காணல் முடிந்து 221ஜி சீட்டு கொடுத்தால் பதற வேண்டாம், அது மறுப்பு முத்திரை என்றாலும் பெரும்பாலும் மேலும் சரிபார்க்கிறோம் என்றுதான் பொருள். ஆனால் பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை வேலையை விடாதீர்கள், டிக்கெட் போடாதீர்கள்.

அங்கே போனபின் சென்னைக் கம்பெனிக்கே வீட்டிலிருந்து வேலை பார்த்தால் என்ன, சம்பளம் இந்தியக் கணக்கில்தானே விழுகிறது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம். நீங்கள் உட்கார்ந்து வேலை செய்யும் நாற்காலி டெக்ஸஸில் இருக்கிறது. பின்னாளில் கிரீன் கார்டு விண்ணப்பத்தில் "அனுமதியில்லாமல் வேலை பார்த்தீர்களா" என்று கேட்பார்கள்.

இஏடி உள்ளவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. முன்பு புதுப்பிக்க விண்ணப்பம் போட்டால் பழைய அட்டை தானாக நீளும். 2025 அக்டோபர் 30-லிருந்து அது நின்றுவிட்டது. புது அட்டை வராவிட்டால் பழையது முடியும் நாளில் வேலையை நிறுத்த வேண்டும். 180 நாள் முன்னாலேயே போடலாம். அந்த நாளிலேயே போடுங்கள்.

இன்னொரு விஷயத்தைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். எச்-4 முழுக்க முழுக்கக் கணவரைச் சார்ந்தது. அவருக்கு வேலை போனால் இருவருக்கும் பொதுவாக 60 நாள்தான். விவாகரத்து ஆனால் உங்கள் எச்-4 அதோடு முடிந்தது. உங்கள் பாஸ்போர்ட், ஐ-797, ஐ-94, கல்யாணச் சான்றிதழ் எல்லாவற்றின் நகலும் உங்கள் சொந்த மின்னஞ்சலில் இருக்கட்டும், பாஸ்போர்ட் உங்கள் பையிலேயே இருக்கட்டும். வீட்டுக்குள் அடி உதை என்று ஒருநாள் வந்தால், எச்-4-இல் இருக்கும் பெண் தனியாகவே வேலை அனுமதி கேட்க ஐ-765வி என்ற படிவம் இருக்கிறது. கணவர் கையெழுத்து வேண்டாம். இதைத் தெரியாமல் வருடக்கணக்கில் பொறுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களை எனக்கு நேரில் தெரியும். உங்களுக்கு இது ஒருபோதும் தேவைப்படக் கூடாது. தெரிந்து வைத்திருங்கள்.

கிரீன் கார்டு நெருங்கிவிட்ட மாப்பிள்ளை என்றால் விஷயம் வேறு. அவருக்குக் கிரீன் கார்டு அப்ரூவ் ஆவதற்கு முந்தைய நாள் கல்யாணம் ஆகியிருந்தாலும் மனைவிக்கு அவரோடு சேர்ந்தே உரிமை உண்டு. மறுநாள் ஆனால் எச்-4-உம் இல்லை, தனி வரிசையில் காத்திருக்க வேண்டும், அது வருடக்கணக்கு. உங்களுக்கு இது பொருந்தாது, ஆனால் உங்கள் தோழிகளில் யாருக்காவது பொருந்தலாம்.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இது: முதலில் எல்-1 கேளுங்கள். அது நடக்காவிட்டால், ஐ-140 அப்ரூவ் ஆகியிருந்தால் விசா கைக்கு வந்ததுமே எச்-4-இல் கிளம்புங்கள், போனதும் இஏடி போடுங்கள். ஐ-140 இல்லாவிட்டால், பெர்ம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்து, விடுப்போ படிப்போ யோசித்துவைத்துக்கொண்டு கிளம்புங்கள். கல்லூரியிலிருந்து டிரான்ஸ்கிரிப்ட்டை முத்திரை வைத்த உறையில் இரண்டு செட் வாங்கிக்கொள்ளுங்கள், அங்கிருந்து கேட்டு வாங்குவது பெரும்பாடு. மாப்பிள்ளையிடம் பேசிவிட்டு, ஐ-140 நிலையையும் அவருடைய எச்-1பி ஆறு வருடம் முடியும் தேதியையும் எழுதுங்கள். மாதக் கணக்கோடு பார்த்துச் சொல்கிறேன்.